சிறைக் கதவு திறக்கும் நேரம்: சோதனைக்கு விதி உண்டு, அதன் பதிவு யார் கையில்?

ஈப்போ: தைப்பிங் சிறைச்சாலையில் 2025 ஜனவரி 17ஆம் தேதி நடந்த சம்பவம், பேராக் மக்கள் சிறைச்சாலையைப் பற்றிப் பேசும் விதத்தையே மாற்றிவிட்டது. 'பி' மண்டபத்தில் இருந்த கைதிகளை 'ஈ' பிளாக்குக்கு இடம் மாற்றும்போது தகராறு ஏற்பட்டது. புதிய இடத்தின் வசதிக் குறைவைக் காட்டிக் கைதிகள் போக மறுத்தார்கள் என்று கூறப்பட்டது. அறுபதுக்கும் மேற்பட்ட வார்டன்கள் சுமார் 100 கைதிகளைத் தாக்கினார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 62 வயதுக் கைதி ஒருவர் உயிரிழந்தார். வயிற்றில் பலமாக அடிபட்டதே மரணத்துக்குக் காரணம் என்று பிரேதப் பரிசோதனை காட்டியது.

சுஹாக்காம் எனப்படும் மனித உரிமை ஆணையம் இதை லேசாக விடவில்லை. பொது விசாரணை நடத்தியது. கைதிகள் சாட்சி சொன்னார்கள். சிறையின் மறைகாணி பதிவுகள் விசாரணையில் போட்டுக் காட்டப்பட்டன.

அன்று நடந்தது இடமாற்றம். உடல் சோதனையோ அறைச் சோதனையோ அல்ல. ஆனால் சிறை வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இவை மூன்றும் ஒரே மாதிரியான நேரங்கள் என்பது தெரியும். பூட்டிய கதவு திறக்கிறது. அதிகாரிகள் கூட்டமாக உள்ளே வருகிறார்கள். கைதி வெளியே வர வேண்டும், உட்காரச் சொன்னால் உட்கார வேண்டும், உடையைக் கழற்றச் சொன்னால் கழற்ற வேண்டும். வெளியாள் யாரும் பார்ப்பதில்லை. சிறையில் அதிகாரம் முறையாகவும் நடக்கலாம், முறை தவறியும் போகலாம் என்றால் அது பெரும்பாலும் இந்த நேரங்களில்தான்.

தைப்பிங்கில் மறைகாணி இருந்தது, அதனால் கேள்வி கேட்க முடிந்தது. மறைகாணி எட்டாத அறைக்குள் நடக்கும் சோதனையை யார் பார்ப்பது, யார் எழுதி வைப்பது, எழுதியதை யார் கேட்டு வாங்குவது? தோட்டத்திலும் டவுனிலும் பிள்ளையை உள்ளே விட்டுவிட்டு வெளியே காத்திருக்கும் குடும்பங்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

நமக்கு அந்நியமான இடம் அல்ல

தைப்பிங் சிறைச்சாலை 1879இல் ஆங்கிலேயர் காலத்தில் கட்டப்பட்டது, நாட்டின் மிகப் பழைய சிறைகளில் ஒன்று. அதன் பக்கத்தில் இருக்கும் கமுந்திங் முகாமை மலேசியத் தமிழர்கள் மறக்க மாட்டார்கள். 2007 டிசம்பரில் ஹிண்ட்ராஃப் தலைவர்கள் ஐவர் இசா சட்டத்தின் கீழ் அங்குதான் வைக்கப்பட்டார்கள். தாப்பா, பத்து காஜா என்று பேராக்கில் வேறு சிறைகளும் இருக்கின்றன. சுங்கை சிப்புட், பீடோர், தெலுக் இந்தான், கோல கங்சார் பக்கமிருந்து மாதா மாதம் இந்த வாசல்களுக்கு வந்து போகும் தாய்மார்கள் உண்டு.

ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போன பிறகு, லயத்தில் வளர்ந்த குடும்பங்கள் டவுன் ஓரத்து மலிவு விலை வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. தோட்டத்தில் ஒரு பையன் தப்பு செய்தால் கோயில் தலைவர், கங்காணி, பக்கத்து வீட்டுப் பெரியவர் என்று தட்டிக் கேட்க ஆள் இருந்தது. டவுன் அடுக்குமாடியில் முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் போலீஸ் கார். மக்கள்தொகையில் ஏழு விழுக்காட்டுக்கும் குறைவாக உள்ள இந்தியர்கள் காவல் மரணச் செய்திகளில் அடிக்கடி இடம்பெறுவது சமூகத்தில் பல காலமாகப் பேசப்படும் வேதனை. 2009 ஜனவரியில் சிலாங்கூரில் போலீஸ் காவலில் இறந்த குகனின் பெயர் அந்த வேதனையின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

ஆகவே சோதனை விதிகள் வழக்கறிஞருக்கு மட்டும் உரிய பாடம் அல்ல. கைது நடக்கும் ராத்திரியிலிருந்து தண்டனை முடியும் நாள் வரை ஒரு குடும்பம் இவற்றோடுதான் வாழ்கிறது.

2005இல் நாடு கற்ற பாடம்

இந்த நாட்டில் உடல் சோதனைக்கு எழுத்தில் தெளிவான விதி வந்ததே ஓர் அவமானத்துக்குப் பிறகுதான். 2005 நவம்பரில் போலீஸ் தடுப்பு அறை ஒன்றில் ஒரு பெண் ஆடையின்றி தோப்புக்கரணம் போட வைக்கப்பட்ட காட்சி வெளியானது. கைப்பேசியில் எடுக்கப்பட்ட அந்தக் காட்சி நாடாளுமன்றம் வரை போனது. 'அது வழக்கமான நடைமுறைதான்' என்ற பதிலைக் கேட்டு மக்கள் கொதித்தார்கள். முன்னாள் தலைமை நீதிபதி துன் முகமட் சைடின் அப்துல்லா தலைமையில் சுயேச்சை விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. ஆடையில்லாத் தோப்புக்கரணத்தைக் கைவிட வேண்டும் என்று அது பரிந்துரைத்தது.

அதன் பலனாகக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 2006இல் திருத்தப்பட்டு 20ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. அதனுடன் இணைந்த நான்காவது அட்டவணை உடல் சோதனையை நான்கு வகையாகப் பிரிக்கிறது. முதலாவது, உடைக்கு மேலே கையால் தடவிப் பார்ப்பது. இரண்டாவது, உடையில் சிலவற்றையோ எல்லாவற்றையுமோ கழற்றிப் பார்ப்பது. மூன்றாவது, உடலின் மறைவிடங்களைப் பார்வையிடுவது. நான்காவது, உடலுக்குள் பொருள் இருக்கிறதா என்று ஆராய்வது. படி ஏற ஏறக் கட்டுப்பாடும் கூடுகிறது. மேலதிகாரியின் அனுமதி வேண்டும். உடலுக்குள் ஆராய்வதை மருத்துவத் துறையினர்தான் செய்ய வேண்டும். பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும்.

இந்தப் பிரிவு பேசுவது கைதானவரைப் பற்றி. தண்டனை பெற்றோ விசாரணைக் கைதியாகவோ சிறைக்குள் போனவருக்கு 1995ஆம் ஆண்டின் சிறைச் சட்டமும் 2000ஆம் ஆண்டின் சிறை விதிமுறைகளும் பொருந்தும். சிறைக்குள் நுழையும்போது சோதனை, அதன் பிறகு தேவைப்படும் போதெல்லாம் சோதனை, கண்ணியம் காத்துச் சோதனை என்பதுதான் அங்கே அடிப்படை. பெண் கைதியைப் பெண் அதிகாரியே சோதிக்க வேண்டும் என்பது அங்கும் உண்டு.

தெருவில் கைதானவனுக்கு நான்கு படிகளாகப் பிரித்துச் சொன்ன பாதுகாப்பு, ஆண்டுக் கணக்கில் உள்ளே இருப்பவனுக்கு அதே அளவு விரிவாக மக்கள் படிக்கும் சட்டத்தில் இல்லை. நடைமுறையின் பெரும்பகுதி துறையின் உள் உத்தரவுகளில் இருக்கிறது. உத்தரவு நல்லதாகவே இருக்கலாம். ஆனால் குடும்பம் அதைப் படிக்க முடியாது, மீறப்பட்டால் சுட்டிக்காட்டவும் முடியாது.

வார்டனுக்கும் ஒரு நியாயம் உண்டு

சோதனையே வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. சிறைக்குள் கைப்பேசி, புகையிலை, போதைப்பொருள், கூராக்கப்பட்ட கம்பி எல்லாம் நுழைகின்றன. ஒரு கைப்பேசி உள்ளே இருந்தால் வெளியே இருக்கும் சாட்சியை மிரட்டலாம். ஒரு கூரான கம்பி இருந்தால் பக்கத்துப் படுக்கையில் தூங்குபவனின் உயிர் போகலாம். உள்ளே கும்பல்களுக்குப் பயந்து வாழும் சாதுவான கைதிக்கு முறையான சோதனைதான் காவல். கொள்ளளவை மீறிக் கைதிகள் அடைக்கப்பட்ட பிளாக்கில், எண்ணிக்கையில் மிகக் குறைவான வார்டன்கள் வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்கும் வீடு, குடும்பம் உண்டு.

ஆனால் பொருள் எந்த வழியாக உள்ளே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். குடும்பத்தினர் கொண்டு வந்தார்கள் என்பதே முதல் சந்தேகம். சிறைப் பணியாளர்கள் சிலரே லஞ்சம் வாங்கிக்கொண்டு பொருள் கடத்திய வழக்குகளில் ஊழல் தடுப்பு ஆணையம் கைது செய்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2018 செப்டம்பரில் சென்னை புழல் சிறையிலிருந்து படங்கள் வெளிவந்தன. கைதிகளின் அறைகளில் வண்ண உடை, மெத்தை, தொலைக்காட்சி, கைப்பேசி எல்லாம் இருந்தன. அதிரடிச் சோதனை நடந்தது, பணியாளர்கள் இடம் மாற்றப்பட்டார்கள். இத்தனை பொருளும் பார்வையாளர் வாசல் வழியாக மட்டும் வந்திருக்க முடியாது. சோதனை கைதிக்கு மட்டும் என்றால் அது பாதிச் சோதனைதான்.

சோதனை கலவரமானால்

இலங்கையின் வெலிக்கடை சிறை இதற்கு எச்சரிக்கை. 2012 நவம்பர் 9ஆம் தேதி, மறைத்து வைத்த போதைப்பொருளையும் கைப்பேசிகளையும் தேடச் சிறப்பு அதிரடிப் படை கொழும்பில் உள்ள அந்தச் சிறைக்குள் நுழைந்தது. கைதிகள் எதிர்த்தார்கள். கலவரம் மூண்டது. ஆயுதக் கிடங்கு உடைக்கப்பட்டது. முடிவில் 27 கைதிகள் உயிரிழந்தார்கள். எல்லாரும் கலவரத்தில் சாகவில்லை, சிலர் அடங்கிய பிறகு சுட்டுக் கொல்லப்பட்டார்கள் என்ற குற்றச்சாட்டு ஓயவில்லை. ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 2022 ஜனவரியில், எட்டுக் கைதிகளின் கொலை வழக்கில் முன்னாள் சிறை ஆணையர் ஒருவருக்குக் கொழும்பு உயர் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. உடன் குற்றம் சாட்டப்பட்ட போலீஸ் அதிகாரி விடுதலையானார்.

தேடப் போனது பொடியும் போனும். எடுத்து வந்தது 27 உடல்கள். சிறையின் அன்றாட நிர்வாகத்தைத் தெரியாத ஆயுதப் படை சோதனைக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டாம்.

இங்கிலாந்தில் பாதை வேறு மாதிரிப் போனது. 1994இல் வைட்மூர் சிறையிலிருந்து கைதிகள் தப்பினார்கள். அறைச் சோதனையின்போது கைதி பக்கத்தில் நின்று அதிகாரியை மிரட்டுகிறான், அதனால் சோதனை ஒழுங்காக நடப்பதில்லை என்று விசாரணை சொன்னது. கைதியை வெளியே அனுப்பிவிட்டுத்தான் அறையைச் சோதிக்க வேண்டும் என்ற விதி வந்தது. வழக்கறிஞர் எழுதிய கடிதங்களையும் கைதி இல்லாதபோது புரட்டிப் பார்த்தார்கள். டேலி என்ற கைதி இதை எதிர்த்து வழக்குப் போட்டார். 2001இல் பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். மிரட்டுகிற கைதியை வெளியே அனுப்பலாம், அதற்காக எல்லாக் கைதிகளையும் ஒரே தராசில் போட்டு அனுப்ப முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். சிறைக்குப் போனதால் ஒரு மனிதன் வழக்கறிஞரோடு ரகசியமாகப் பேசும் உரிமையை இழப்பதில்லை.

அதே நாட்டில் பெண் சிறைகளில் தினசரி வழக்கமாக இருந்த ஆடை களைந்த சோதனை, 2007இல் கோர்ஸ்டன் அறிக்கை வந்த பிறகு நிறுத்தப்பட்டது. சந்தேகத்துக்குக் காரணம் இருந்தால் மட்டும் சோதிக்கலாம் என்றாக்கினார்கள். பின்னர் ஆண் சிறைகளில் ஊடுகதிர்க் கருவிகள் வைக்கப்பட்டன. உடையைக் கழற்றாமலே வயிற்றுக்குள் இருப்பதைக் கருவி காட்டிக் கொடுக்கும்.

உலக விதி சொல்வது என்ன

2015இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற மண்டேலா விதிகளில் 50 முதல் 52 வரை சோதனையைப் பற்றியவை. தொந்தரவு கொடுக்கவோ மிரட்டவோ சோதனையைப் பயன்படுத்தக் கூடாது. ஆடை களைந்த சோதனை, உடலுக்குள் சோதனை இரண்டும் தவிர்க்க முடியாதபோது மட்டுமே நடத்தலாம். அவை தனியிடத்தில், பயிற்சி பெற்ற அதே பாலினத்தவரால் நடக்க வேண்டும். உடலுக்குள் சோதிப்பவர் மருத்துவத் துறையினராகவோ, குறைந்தபட்சம் அத்துறையினரிடம் உரிய பயிற்சி பெற்றவராகவோ இருக்க வேண்டும். கைதிக்கு வழக்கமாகச் சிகிச்சை செய்யும் டாக்டர் அந்த வேலையைச் செய்யக் கூடாது, ஏனென்றால் நோயாளிக்கு அவர் மீதுள்ள நம்பிக்கை போய்விடும்.

வாசலில் நிற்கும் குடும்பத்துக்கும் 60ஆம் விதி இருக்கிறது. பார்க்க வருபவர் சோதனைக்குச் சம்மதிக்க வேண்டும். அந்தச் சம்மதத்தை எந்த நேரத்திலும் திரும்பப் பெறலாம், அப்போது சிறை உள்ளே விட மறுக்கலாம். ஆனால் சோதனை இழிவுபடுத்துவதாக இருக்கக் கூடாது. பார்வையாளரின் உடலுக்குள் சோதிப்பதைத் தவிர்க்க வேண்டும், பிள்ளைகளிடம் செய்யவே கூடாது. அப்பாவைப் பார்க்க வரும் பிள்ளை வாசலிலேயே அழுதுவிட்டால் அடுத்த மாதம் வர மறுக்கும். உறவு அறுந்து வெளியே வருபவன் மறுபடியும் பழைய கூட்டத்திடமே போவான். அதனால்தான் குடும்பச் சந்திப்பைக் காப்பது கைதிக்குக் காட்டும் சலுகை மட்டும் அல்ல, ஊருக்கும் பாதுகாப்பு.

இந்த விதித் தொகுப்பில் பலர் கவனிக்காமல் விடும் ஒரு வரி 51ஆம் விதியில் இருக்கிறது. ஒவ்வொரு சோதனைக்கும் பதிவு வைக்க வேண்டும் என்று அது கேட்கிறது. குறிப்பாக ஆடை களைந்த சோதனை, உடலுக்குள் சோதனை, அறைச் சோதனை ஆகியவற்றுக்கு ஏன் சோதித்தார்கள், யார் சோதித்தார்கள், என்ன கிடைத்தது என்று எழுத வேண்டும்.

அந்தத் தாள்தான் எல்லாவற்றுக்கும் உயிர். எழுதி வைத்தால், கிடைக்காத பொருளைக் கிடைத்ததாக யாரும் சொல்ல முடியாது. வார்டன் மீது வீண்பழி போட்டாலும் அதே தாள் அவரைக் காப்பாற்றும். மாதம் பத்து முறை ஒரே கைதியின் அறை கலைக்கப்பட்டு ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், அது சோதனையா பழிவாங்கலா என்று பதிவே சொல்லிவிடும்.

மலேசியாவில் குறைவது எது

மண்டேலா விதிகள் சட்டம் அல்ல, வழிகாட்டி. சித்திரவதைக்கு எதிரான ஐநா ஒப்பந்தத்தில் மலேசியா இன்னும் சேரவில்லை. சுஹாக்காம் 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி தடுப்பு இடங்களைப் பார்வையிடலாம், பொது விசாரணை நடத்தலாம், பரிந்துரைக்கலாம். வழக்குப் போட முடியாது. 2023 ஜூலையில் செயல்படத் தொடங்கிய சுயேச்சை போலீஸ் நடத்தை ஆணையம் போலீஸாரைப் பற்றிய புகாரை மட்டுமே பார்க்கும். சிறை வார்டன் அதன் எல்லைக்கு வெளியே. சிறைச் சட்டப்படி நியமிக்கப்படும் வருகை நீதிபதிகள் உள்ளே போய்க் கைதிகளின் புகாரைக் கேட்கலாம். ஆனால் அப்படி ஒருவர் இருக்கிறார் என்பதே பல குடும்பங்களுக்குத் தெரியாது.

ஆகவே கேட்க வேண்டியவை பெரிய சீர்திருத்தங்கள் அல்ல, சின்னச் சின்ன விஷயங்கள்தான். 20ஏ பிரிவின் நான்கு படிகளைச் சிறை விதிமுறைகளிலும் எழுதுவது. கூட்டமாக நடக்கும் சோதனைக்கும் இடமாற்றத்துக்கும் மறைகாணியும் அதிகாரியின் உடலில் பொருத்திய கேமராவும் கட்டாயம் என்றாக்குவது. பதிவை இத்தனை காலம் அழிக்கக் கூடாது என்று வரையறுப்பது. சோதனைத் தாளின் நகலைக் கைதியின் வழக்கறிஞர் கேட்டால் கொடுப்பது. தைப்பிங்கில் படம் இருந்ததால்தான் பேச்சு வந்தது. படம் இல்லாமல் போயிருந்தால் கைதி சொல்வது ஒன்று, வார்டன் சொல்வது ஒன்று என்று முடிந்திருக்கும்.

குடும்பங்கள் இப்போதே செய்யக்கூடியவை

கைது நடந்தவுடன், போலீஸ் வாக்குமூலம் வாங்குவதற்கு முன், உறவினரையும் வழக்கறிஞரையும் தொடர்புகொள்ளும் உரிமையை 28ஏ பிரிவு தருகிறது. வழக்கறிஞருக்குப் பணம் இல்லை என்று சும்மா இருக்க வேண்டாம். மலேசியக் குடிமக்களுக்குத் தேசிய சட்ட உதவி அறவாரியத்தின் வழக்கறிஞர் கைது நிலையிலும் தடுப்புக் காவல் விசாரணையிலும் இலவசமாக வருவார்.

சிறைச் சந்திப்பின்போது கைதியின் உடம்பில் காயம் தெரிந்தால் அன்றைக்கே எழுதி வைக்க வேண்டும்: தேதி, நேரம், உடம்பில் எந்த இடம், என்ன நிறம், அவர் சொன்ன வார்த்தை. போலீஸ் புகார் செய்து அதன் நகலைப் பத்திரப்படுத்த வேண்டும். சிறை இயக்குநருக்கும் சுஹாக்காமுக்கும் கடிதம் அனுப்பி, அரசு மருத்துவமனையில் பரிசோதிக்கக் கேட்க வேண்டும். வாய்ப்புகாருக்கு ஆயுள் குறைவு. கடிதத்துக்கு முத்திரையும் எண்ணும் விழுந்துவிட்டால் அதை யாரும் எளிதில் தள்ளிவிட முடியாது.

சிறையில் மரணம் ஏற்பட்டால் 334ஆம் பிரிவின்படி மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் போக வேண்டும். மரண விசாரணைக்காகவே 2014 முதல் தனி நீதிமன்றங்கள் உள்ளன. உடலை அவசரமாக எடுத்துச் சடங்கை முடிப்பதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் பேசுவது நல்லது. இரண்டாவது பிரேதப் பரிசோதனை கேட்க வேண்டுமா என்பதை அவர் சொல்வார். அரசுக்கு எதிராக இழப்பீட்டு வழக்குப் போட 36 மாத காலக்கெடு இருக்கிறது. அழுது முடித்து எழுந்திருக்கும்போது அந்தக் கெடு முடிந்துபோன குடும்பங்களும் உண்டு.

'தப்பு செய்தவன்தானே, அனுபவிக்கட்டும்' என்ற பேச்சு நம் மக்களிடமும் இருக்கிறது. தப்புக்கு நீதிமன்றம் கொடுத்தது சிறை வாசம். அடியையும் அவமானத்தையும் எந்த நீதிபதியும் தீர்ப்பில் எழுதவில்லை. விசாரணைக் கைதிகளோ இன்னும் குற்றவாளிகளே அல்ல, ஜாமீன் கட்ட வழியில்லாத ஏழைகளும் அவர்களில் இருக்கிறார்கள். தோட்டத்தை விட்டு வந்த ஒரு தாய், மகன் செய்ததை நியாயப்படுத்த வேண்டியதில்லை. அவன் போன உடம்போடு திரும்பி வர வேண்டும் என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு. அதைக் கேட்கும்போது கையில் ஒரு தாள் இருந்தால் அவரை வாசலிலேயே திருப்பி அனுப்புவது கடினம்.